ஆட்டத்தில் கேசினோ எடுக்கும் பங்கு எவ்வளவு? நீங்களே கணக்குப் போடலாம்

நெல் போட்ட காசு அக்கவுண்டில் ஏறியதும் நம்ம திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்துப் பையன்கள் நாலு பேராகச் சேர்ந்து கேசினோவில் (சூதாட்ட விடுதியில்) ஆட கோவாவுக்குக் கிளம்பினால், போகுமுன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேசினோ ஏமாற்றித்தான் சம்பாதிக்கிறது என்று நினைக்கிறார்கள். ஏமாற்ற வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

வழி சுலபம். எல்லாக் கட்டத்திலும் நீங்களே காசு வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதில் எவ்வளவு குறைகிறதோ, அது முதலாளி பங்கு.

திருவிழாக் கூட்டத்தில் ஓரமாக நடக்கிற லங்கர் கட்டையை எடுத்துக்கொள்ளலாம் (சட்டப்படி அது குற்றம், ஆனாலும் பார்க்காதவர் குறைவு). முகத்துக்கு ஒரு படமாக ஆறு படம் உள்ள பகடைக் கட்டை மூன்று. உங்கள் படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த காசோடு மேலே ஒரு மடங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு மடங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆறு படத்திலும் பத்துப் பத்து ரூபாய் வையுங்கள். மூன்று கட்டையிலும் வேறு வேறு படம் என்றால் 30 போகும், 30 வரும், சரிக்குச் சரி. ஒரே படம் இரண்டில் விழுந்தால் 40 போய் 30தான் வரும். மூன்றும் ஒன்றேயானால் 50 போய் 30. கட்டைகள் விழக்கூடிய விதம் மொத்தம் 216. அதில் 120 சரிக்குச் சரி, 90-இல் கட்டை உருட்டுபவருக்குப் பத்து ரூபாய், 6-இல் இருபது. கூட்டிப் பாருங்கள், 12,960 ரூபாய் வைத்ததில் 1,020 அவருக்கு. நூற்றுக்கு 7.87. ஜோடி விழும்போதுதான் கூட்டம் ஆரவாரம் செய்யும், அவர் லாபம் பார்ப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ரூலெட் என்றால் சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழுகிறது என்று பார்க்கிற ஆட்டம். அதில் 0 முதல் 36 வரை 37 எண். ஒவ்வொன்றிலும் நூறு வைத்தால் 3,700. ஜெயித்த எண்ணுக்கு 35 மடங்கும் அதில் வைத்த நூறும் சேர்ந்து 3,600 வரும். ஆக, நூற்றுக்கு 2.7 அவர்களுக்கு. இரண்டு பூஜ்ஜியம் உள்ள சக்கரம் என்றால் 5.26.

2.7 தானே என்று தோன்றும். ஆனால் அது கொண்டுபோன காசில் ஒரு தடவை எடுப்பதில்லை, வைக்கிற ஒவ்வொரு பந்தயத்திலும் எடுப்பது. பத்தாயிரத்தோடு போனவர் ஜெயித்ததையே திரும்பத் திரும்ப வைத்து ராத்திரி முழுக்க ஆடினால் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் புரண்டிருக்கும், அதில் சராசரியாக 2,700 போகும். கோவாவின் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களில் சாப்பாடும் பாட்டும் ஆட்டமும் ஏன் என்று இப்போது தெரியும், நீங்கள் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், தோற்றால் இரட்டிப்பாக வை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெயித்தால் வைத்த அளவே மேலே கிடைக்கும் பந்தயத்தில் 500-இல் தொடங்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 63,500 காலி. எட்டாவதுக்கு 64,000 வேண்டும், அதற்குள் மேசையின் உச்ச வரம்பு குறுக்கே வந்துவிடலாம். ஜெயித்தாலும் மிஞ்சுவது 500. ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம் வருமான வரி தனி, தோற்ற காசை அதில் கழித்துக் காட்டவும் முடியாது.