நியூசிலாந்து மலை ரோட்டுல மோட்டார்ஹோம் ஓட்டப் போறீங்களா, இதப் படிச்சிட்டுப் போங்க

தெற்குத் தீவுல வானாகாங்கற ஊர்ல இருந்து ஹாஸ்ட்ங்கற ஊர் வரைக்கும் சுமார் 140 கிமீதான், மேப் ரெண்டு மணி நேரம்னு காட்டும், அத நம்பி பிளான் போடாதீங்க, மோட்டார்ஹோம்ல, அதான் படுக்கை, சமையல் வசதியோட இருக்கிற வண்டில, மூணரை மணி நேரமாவது வச்சுக்கோங்க. வழியில வர்ற ஹாஸ்ட் பாஸ்ங்கற மலைக் கணவாய் உயரம் சுமார் 560 மீட்டர்தான், ஆனா அத தாண்டி கேட்ஸ் ஆஃப் ஹாஸ்ட் பாலம் வரைக்கும் இறக்கம் நல்ல செங்குத்து. அங்க பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குனா சூடாகி பிடிக்காம போயிடும், அதனால இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியர குறைச்சிடுங்க, எஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கும், பிரேக் அப்பப்ப தொட்டா போதும்.

அப்புறம் ஒரு நேரத்துல ஒரு பக்கத்து வண்டி மட்டும் போக முடியற ஒத்த வழிப் பாலம் நிறைய வரும். வட்டமான போர்டுல உங்க பக்க அம்பு சின்னதா சிவப்பா இருந்தா நீங்கதான் நின்னு வழி விடணும், நீல போர்டுல பெரிய வெள்ளை அம்புன்னா உங்களுக்கு முன்னுரிமை, அப்பவும் எதிர்ல வண்டி ஏறிடுச்சான்னு பாத்துட்டே போங்க.

பின்னாடி ரெண்டு கார் சேந்தாலே ஒதுங்குற இடம் பாத்து வழி விட்டுடுங்க, நமக்கும் டென்ஷன் இல்ல.

கிளம்பும்போது கேஸ் வால்வ மூடிட்டு, அலமாரிக் கொக்கி ஒவ்வொண்ணையும் கையால அழுத்திப் பாருங்க. நான் ஒண்ண விட்டுட்டேன், முதல் வளைவுலயே பருப்பு டப்பா பறந்து வந்து தரையெல்லாம் துவரம்பருப்பு. வாந்தி வர்ற பசங்கள முன் சீட் பக்கமா உக்கார வைங்க. டீசல் வானாகாலயே ஃபுல் பண்ணிடுங்க.