பிறந்த குழந்தைக்கு முதலில் எதை வாங்குவது?

முதல் குழந்தை என்றதும் தி.நகருக்குப் போய்க் கடையையே அள்ளி வரத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் ஒரு தள்ளுவண்டி வாங்கினோம். எங்கள் தெரு நடைபாதையில் அதை நாலு அடி உருட்ட முடியவில்லை. இப்போது மடிக்காத துணிகள் அதில் உட்கார்ந்திருக்கின்றன.

உண்மையில் அதிகம் தேவைப்படுவது துணிதான். பச்சைக் குழந்தை ஒரு நாளில் எட்டு, பத்து முறை சாதாரணமாக நனைக்கும். பழைய பருத்தி வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து 25 துண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் இன்னும் பத்து சேருங்கள். அந்த மழையில் எதுவும் காயாது. சட்டை, முன்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி ஆறு போதும். தலைவழியாக மாட்டுவது வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதை மாட்டி முடிப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும்.

குடை மாதிரி விரியும் கொசுவலை கட்டாயம். அப்புறம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர்: மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தட்டையான, கெட்டியான மெத்தையில் மல்லாந்து படுக்க வையுங்கள். செட்டோடு வரும் தலையணை வேண்டாம். கார் இருந்தால், பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளுக்கே வேண்டும்.

பால் புட்டி, அதைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர் எல்லாம் டாக்டர் சொன்னால் பார்க்கலாம். சக்கரம் வைத்த வாக்கரை யாராவது பரிசாகத் தந்தால், சிரித்து வாங்கிப் பரணில் ஏற்றிவிடுங்கள்.