கேஷுவால்டிக்கு நாளை எத்தனை பேர் வருவார்கள்? ரெஜிஸ்டரை வைத்துக் கணிக்கும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவின் எந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலும் கேஷுவால்டிக்கு ஆள் வருவதில் ஓர் ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் ஓய்ந்திருக்கும், ஒன்பது மணிக்கு மேல் ஏறும், ஓபி மூடியபின் அங்கே போக வேண்டியவர்களும் இங்கேதான் வருவார்கள். இந்த ஒழுங்கை எண்ணாக்கினால் டியூட்டி பட்டியலைக் கொஞ்சம் நியாயமாகப் போடலாம். எல்லா நாளும் ஒரே அளவு ஆள் போட்டால், நெரிசல் நாளின் பாரம் முழுக்க நைட் டியூட்டி நர்ஸ் மீதும் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பவர் மீதும் விழுகிறது. இதற்கு புரோகிராமிங் தேவையில்லை, எக்செல் போதும்.

படி 1: ரெஜிஸ்டரை அட்டவணையாக்குங்கள்

ஒரு நோயாளிக்கு ஒரு வரி. தேதி, வந்த நேரம், என்ன பிரச்சினை (விபத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து, நெஞ்சுவலி, காய்ச்சல், மற்றவை), சிவப்பு-மஞ்சள்-பச்சை வகை (எவ்வளவு அவசரம் என்பதைக் காட்டும் நிறம்), 108-இல் வந்தாரா இல்லையா. இவ்வளவு போதும். பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் ஏற்றாதீர்கள். கணிப்புக்கு அவை தேவையே இல்லை. ஒரு வருடக் கணக்காவது வேண்டும், இரண்டு வருடம் இருந்தால் நல்லது.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ரெஜிஸ்டரில் இருப்பது பெரும்பாலும் எழுதிய நேரம், வந்த நேரம் அல்ல. கூட்டம் அதிகமான இரவில் முதலில் உயிரைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் நோட்டு. அதனால் நள்ளிரவில் வந்த பத்துப் பேர் காலை ஆறு மணிக்கு வரிசையாகப் பதிவாகியிருக்கலாம். ஒரே நேரம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 108 நோயாளிகளுக்கு ஆம்புலன்ஸ் ஒப்படைத்த நேரத்தோடு ஒப்பிடலாம். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, மணிக்கணக்கை விட்டுவிட்டு ஷிஃப்ட் கணக்கோடு நில்லுங்கள்.

படி 2: எண்ணுங்கள்

பிவட் டேபிள் (வரிகளைத் தானே எண்ணித் தொகுத்துத் தரும் எக்செல் வசதி) போட்டு, நாளுக்கு எத்தனை, ஷிஃப்டுக்கு எத்தனை என்று எடுங்கள். கிழமையை ஒரு தனிப் பத்தியில் சேருங்கள்.

படி 3: முதல் கணிப்பு

வரும் திங்களுக்கு எத்தனை பேர்? கடந்த நான்கு திங்கள்களின் சராசரி. உதாரணத்துக்கு 118, 131, 109, 126 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 484, நான்கால் வகுத்தால் 121. இவ்வளவு எளிதா என்று அசட்டையாக விட்டுவிடாதீர்கள். பெரிய முறைகள் பலவும் இதைத் தாண்டத் திணறுவதுண்டு.

படி 4: ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள்

121 என்று மட்டும் சொன்னால் அது ஏறக்குறைய நிச்சயமாகத் தப்பும். தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் வருபவர்களின் எண்ணிக்கை சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு ஏறி இறங்கும். 121-இன் வர்க்கமூலம் 11. அதை இரு மடங்காக்கி இருபுறமும் வைத்தால் 99 முதல் 143 வரை என்ற வீச்சு கிடைக்கும். நிஜத்தில் மழை, திருவிழா எல்லாம் சேர்ந்து இதைவிட அகலமாகவே ஆடும். ஆகவே இதைக் குறைந்தபட்ச அகலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிஃப்டுக்கு மட்டும் சராசரி 42 என்றால் வீச்சு சுமார் 29 முதல் 55 வரை போகிறது. எண் சிறுத்தால், அதோடு ஒப்பிட்ட ஆட்டம் பெரிதாகும். பாம்புக்கடி போன்று அரிதாக வருவதை நாள்வாரியாகக் கணிக்கவே கூடாது. மாதக் கணக்காக எடுத்து, வீச்சின் மேல் விளிம்புக்கு விஷமுறிவு மருந்தை இருப்பு வையுங்கள். முதல் தவணைக்கே ஒருவருக்கு 8 முதல் 10 குப்பி வேண்டும். குழந்தைக்கும் அதே அளவுதான்.

படி 5: நம் ஊர்க் காலண்டர்

வெளியூரில் செய்த கணிப்பு முறையை அப்படியே கொண்டுவந்தால் சறுக்குவது இங்கேதான். தேதி மாறாதவை சில: ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அதற்குச் சாலையெங்கும் நடந்துவரும் கூட்டம், அப்புறம் பொங்கல். தீபாவளி வருடாவருடம் நகரும். நாகூர் கந்தூரி ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஆகவே 'போன வருடம் இதே தேதியில் எவ்வளவு' என்ற கேள்வி இவற்றுக்குச் செல்லாது. திருவிழாவுக்கு முந்தைய நாள், அன்று, மறுநாள் என்று குறித்து ஒப்பிடுங்கள்.

வயல் வேலையும் அப்படித்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. நடவும் மருந்தடிப்பும் அறுவடையும் கூடவே நகரும். பாம்புக்கடியும் பூச்சிமருந்து கேஸும் அவற்றைப் பின்தொடரும். 'அறுவடைக் காலம்' என்ற பத்தியை மாதத்தைப் பார்த்து நிரப்பாமல், வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டு நிரப்புங்கள்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்த வாரம், 2020-21 கொரோனா மாதங்கள் போன்றவை கணக்கில் இருந்தால் அழிக்காதீர்கள். தனிக் குறி போட்டுச் சராசரியிலிருந்து மட்டும் விலக்குங்கள். அடுத்த புயலுக்குத் தயாராக அந்த வரிகள்தான் உதவும்.

படி 6: சோதியுங்கள்

கடைசி இரண்டு மாதத்தை ஒதுக்கிவையுங்கள். அதில் ஒவ்வொரு நாளுக்கும், அதற்கு முந்தைய விவரங்களை மட்டும் வைத்துக் கணியுங்கள். கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டல்-கழித்தல் குறியை விட்டு எடுத்துச் சராசரி காணுங்கள். மழையைச் சேர்ப்பதானால் முன்னறிவிப்பைச் சேருங்கள். பெய்த மழையின் அளவு முந்தைய நாள் இரவு யார் கையிலும் இருக்காது.

பிறகு எக்செல்லில் உள்ள ஹோல்ட்-வின்டர்ஸ் வகைக் கணிப்பையோ (ஏறுமுகம், இறங்குமுகம், திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு ஆகியவற்றையும் சேர்த்துக் கணிப்பது) வேறொன்றையோ முயன்று பாருங்கள். அதே இரண்டு மாதத்தில் நான்கு வாரச் சராசரியை அது வென்றால் மாறுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

படி 7: டியூட்டி அறைக்குக் கொண்டுபோங்கள்

அடுத்த ஏழு நாளுக்கான வீச்சை ஷிஃப்ட் வாரியாக ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் விடுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் உண்மையில் வந்த எண்ணிக்கையைச் சிஸ்டர் அதில் எழுதட்டும். வீச்சைத் தாண்டிய நாளில் காரணத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: பஸ் விபத்து, கோயில் தேர், ஊரோடு வயிற்றுப்போக்கு. படி 5-இன் காலண்டரில் அடுத்துச் சேர்க்க வேண்டியவை அந்த வரிகளிலிருந்தே கிடைக்கும்.