சுட்டுவிட்டதா? முதல் இருபது நிமிடம் தண்ணீருக்கு

சில மாதங்களுக்கு முன் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்தபோது நீராவி என் மணிக்கட்டில் அடித்தது. உடனே குழாயைத் திறந்து கையை நீட்டினேன். நான்கைந்து நிமிடத்தில் எரிச்சல் அடங்கியது. போதும் என்று எடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் முன்னைவிட அதிகமாக எரிந்தது. மறுபடியும் குழாயடிக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிடம் நின்றேன். ஏன் இருபது நிமிடம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்துவிட்டால் யாரும் பாதியில் கையை எடுக்க மாட்டார்கள்.

சூடான பொருள் விலகிய பிறகும், தோலில் தங்கிய வெப்பம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். டக்ளஸ் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் 1953-இல் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்து விளக்கினார். நட்ட நடுவில் இருப்பது செத்துப்போன தோல். அதை மீட்க வழியில்லை. வெளி வளையம் சிவந்திருக்கும். பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். இரண்டுக்கும் இடையே ரத்த ஓட்டம் குறைந்துபோன ஒரு வளையம் இருக்கிறது. அது பிழைக்கவும் செய்யலாம், ஓரிரு நாளில் செத்து, காயம் ஆழமாகிப் போகவும் செய்யலாம். கீழே நான் சொல்லும் முதலுதவி முழுவதும் அந்த இடை வளையத்தைக் காப்பாற்றத்தான்.

படி 1: சூட்டின் மூலத்தை விலக்குங்கள்

உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் தீ கொழுந்துவிடும். தரையில் படுத்து உருள வேண்டும். அருகில் இருப்பவர் கனமான போர்வையால் மூடி அணைக்கலாம். மின்சாரம் என்றால் மெயின் சுவிட்சை அணைக்கும்வரை அடிபட்டவரைத் தொடாதீர்கள். ரசாயனத் தூள் என்றால், உங்கள் கையைப் பாதுகாத்துக்கொண்டு முதலில் அதைத் தட்டிவிடுங்கள், பிறகுதான் தண்ணீர்.

வெந்நீர் கொட்டியிருந்தால் நனைந்த உடையை உடனே கழற்ற வேண்டும், ஏனென்றால் துணி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். குழந்தையின் டயப்பரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், அதையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்கக்கூடாது, சுற்றிலும் வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம், கொலுசு எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிட வேண்டும். தாமதித்தால் மோதிரம் விரலை நெரிக்க ஆரம்பித்துவிடலாம்.

படி 2: ஓடும் தண்ணீர், 20 நிமிடம்

சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். மெதுவாக, தொடர்ந்து ஓட வேண்டும். காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. எனவே "நேரமாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் வேகமாகப் பீய்ச்சி அடிக்கக்கூடாது. ஓடும் தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஈரத்துணியைப் போட்டு, அது சூடேற ஏற மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஐஸ் வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் இடை வளையத்தைக் கொன்றுவிடும். பற்பசை, வெண்ணெய், எண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, மை எதையும் தடவாதீர்கள். இவை கிருமிக்கு வழிவிடும், காயத்தை மறைக்கும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் வலி கொடுமையானது. அன்போடு தடவியவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் பழக்கத்தின் மேல்தான் கோபம்.

காயம் பெரிதாக இருந்தால், குறிப்பாகக் குழந்தைக்கும் முதியவருக்கும், உடல் முழுவதும் குளிர்ந்துவிடும் ஆபத்து உண்டு. புண்ணை மட்டும் குளிர்வியுங்கள், மற்ற பகுதிகளைப் போர்வையால் மூடுங்கள். நடுக்கம் எடுத்தால் தண்ணீரை நிறுத்திவிடலாம்.

ரசாயனக் காயத்துக்கு இருபது நிமிடம் பெரும்பாலும் போதாது. உதவி வரும்வரை கழுவிக்கொண்டே இருங்கள். அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று எதிர்மருந்து ஊற்ற வேண்டாம், அந்த வேதிவினையே புதிதாகச் சூட்டைக் கிளப்பும். கண்ணில் பட்டிருந்தால், பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்துக் கழுவுங்கள். அப்போதுதான் கழுவிய நீர் நல்ல கண்ணுக்குப் போகாது.

படி 3: மூடுங்கள்

காற்று பட்டாலே எரியும், அதனால் மூடினாலே வலி குறையும். கிளிங் ஃபிலிம் என்று விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இதற்கு மிக நல்லது: ஒட்டாது, உள்ளே இருப்பதும் தெரியும். சுருளின் முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு, அடுத்ததை நீளவாக்கில் மேலே பரப்புங்கள். கையையோ காலையோ சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், வீக்கம் வரும்போது இறுகும். முகத்தில் போடக்கூடாது. இல்லையென்றால் பஞ்சு உதிராத சுத்தமான துணி போதும். வலிக்கு, ஒவ்வாமை இல்லையென்றால், வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

படி 4: மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

அடிபட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். காயம் அதைவிடப் பெரிது என்றால் யோசிக்காமல் கிளம்புங்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு, இவற்றில் பட்டிருந்தால் சிறியதென்றாலும் காட்ட வேண்டும். கையையோ காலையோ முழுச்சுற்றாகச் சுட்டிருந்தாலும் அப்படியே. சிறு குழந்தை, முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றாலும் காட்டிவிடுவதே நல்லது. மின்சாரம், ரசாயனம் இரண்டுக்கும் விதிவிலக்கே கிடையாது. மின்சாரம் தோலில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே தசையையும் இதயத் துடிப்பையும் பாதித்திருக்கலாம்.

புகை நிறைந்த அறையில் இருந்தவரின் குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, சளியில் கரி தெரிந்தாலோ மூச்சுப்பாதை வீங்கிக்கொண்டிருக்கலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குச் சில மணி நேரத்தில் மூச்சு அடைத்துவிடலாம். உடனே ஆம்புலன்ஸ்.

வலியை மட்டும் வைத்து ஆழத்தைக் கணிக்காதீர்கள். சிவந்து, உலர்ந்து, எரிகிற காயம் மேலோட்டமானது. ஒரு வாரத்தில் ஆறிவிடும். கொப்புளம் போட்டு, ஈரமாக, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அடுத்த ஆழம்; இரண்டு மூன்று வாரம் ஆகும். பதனிட்ட தோல் போல இறுகி, வெளுத்தோ பழுப்பாகவோ கருகியோ இருந்து, வலியே இல்லையென்றால் நரம்பு முனைகளும் எரிந்துவிட்டன என்று பொருள். "வலிக்கவில்லை, பரவாயில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடும் காயம் இதுதான், தோல் ஒட்டு அறுவை தேவைப்படுவதும் பெரும்பாலும் இதற்குத்தான்.

மருத்துவர் பார்ப்பதற்கு முன் களிம்பு எதுவும் வேண்டாம். வெள்ளையாக இருக்கும் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு புண்ணின் மேல் படலமாகப் படிந்து ஆழத்தை மறைத்துவிடும். அவர் சொன்னால் மட்டும் போடுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், நினைவுபடுத்தி வையுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் சிறு காயம்

கொப்புளத்தை உடைக்காதீர்கள். அந்த மெல்லிய தோலைவிட நல்ல கட்டு கடையில் கிடைக்காது. தானாக உடைந்துவிட்டால் மிதமான சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவி, ஒட்டாத காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். கட்டு நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்றுங்கள். பழைய கட்டு ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் நனைத்து உரியுங்கள்; வெடுக்கென்று இழுத்தால் புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும். கையோ காலோ என்றால் முதல் ஓரிரு நாள் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும்.

குறைந்துவந்த வலி மறுபடி கூடுவது, சிவப்பு காயத்தின் ஓரம் தாண்டிப் பரவுவது, சீழ், நாற்றம், காய்ச்சல் எல்லாம் கிருமித் தொற்றின் அடையாளங்கள். சிறு குழந்தைக்கு, காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சில நாட்களுக்குள் காய்ச்சலோடு தடிப்போ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். அரிதாக வரும் ஒரு நச்சு அதிர்ச்சி நிலை அப்படித்தான் தொடங்கும், மிக வேகமாக முற்றும்.

ஆறிய பிறகு

புண் மூடியதும் பலர் கவனிப்பை நிறுத்திவிடுகிறார்கள். தழும்பு முதிர ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும். புதுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அதனால் வறண்டு அரிக்கும். வாசனை கலக்காத ஈரப்பதக் களிம்பை நாளுக்கு மூன்று நான்கு முறை தேய்த்துவிடுங்கள். இரவில் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவர் மாத்திரை தருவார், பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெயில் பட்டால் நிறம் நிலையாக மாறிவிடலாம். ஓராண்டுக்காவது துணியால் மூடுங்கள், மூட முடியாத இடத்துக்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன்.

தழும்பு தடித்து எழும்பினால் சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் தாள் உதவும். பெரிய தழும்புக்கு அளவெடுத்துத் தைத்த அழுத்த உடை தருவார்கள். குளிக்கும் நேரம் தவிர ஏறக்குறைய நாள் முழுவதும் அணிய வேண்டும்.

மூட்டுக்கு மேல் பட்ட காயத்துக்குப் பயிற்சிதான் மருந்து. வலிக்காத நிலையில் கையை மடக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும். அந்த நிலையிலேயே தழும்பு இறுகிக் கூனிப்போகும். முழங்கை என்றால் நீட்டி வையுங்கள், உள்ளங்கை என்றால் விரல்களை விரித்து வையுங்கள். கழுத்தின் முன்பக்கம் என்றால் தலையணை இல்லாமல் படுக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் நீட்டல் பயிற்சியை, களிம்பு தேய்த்துத் தோல் இளகியிருக்கும்போது செய்தால் வலி குறைவாக இருக்கும். குழந்தைக்கு விளையாட்டாகச் செய்யவையுங்கள்: உயரத்தில் பொம்மையை வைத்து எட்டி எடுக்கச் சொன்னால் அக்குள் தழும்பு தானாக நீளும்.