பூனைக்குப் பல் சுத்தம்: எஸ்டிமேட்டை வரிவரியாகப் படிப்பது எப்படி?

எங்கள் பூனை மீனு ஒரு நாள் உலர் தீவனத்தை வாயில் எடுத்தாள், தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், அப்படியே கீழே போட்டுவிட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. பல் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒரு இடத்தில் சொன்ன தொகை மற்றதில் பாதிதான் என்பதால் அங்கேயே போனேன். திரும்பி வந்தபோது பற்கள் பளிச்சென்று இருந்தன, ஆனால் தீவனம் அப்போதும் கீழேதான் விழுந்தது. பில்லை எடுத்துப் பார்த்த பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கவே இல்லை என்பது தெரிந்தது. சில வாரம் கழித்து வேறொரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்த்தாடையில் ஒரு பல்லின் வேர் பாதி கரைந்துபோயிருந்தது. மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் செலவு. அதற்கு நடுவே அத்தனை நாளும் அவள் வலியோடு இருந்திருக்கிறாள்.

முதல்முறை பூனைக்குப் பல் சுத்தம் செய்யப் போகிறவர்களுக்கு அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்க வேண்டும்.

படி 1: வீட்டில் வாயைப் பாருங்கள்

பூனை தூங்கி வழியும் நேரமாகப் பார்த்து, அதன் பின்பக்கம் உட்காருங்கள். தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, கட்டைவிரலால் மேல் உதட்டை மெல்ல ஒதுக்குங்கள். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. காரை, அதாவது பல்லில் கெட்டியாக ஒட்டிய அழுக்கு, அதிகம் படிவது மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தில். மஞ்சளோ பழுப்போ தெரிகிறதா, பல்லை ஒட்டி ஈறு சிவந்து கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல்லின் அடியில் மட்டும் ஈறு சிவந்து பல்மேல் ஏறியிருந்தால், அங்கே பல் கரைந்துகொண்டிருக்கலாம். கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துர்நாற்றம், எச்சில் வழிவது, ஒரே பக்கமாக மெல்லுவது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நேரில் காட்டிவிட்டு எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள்

போனில் சொல்லும் தொகை பெரும்பாலும் அடிப்படைச் சுத்தத்துக்கு மட்டும். பூனையை மருத்துவர் பார்த்த பிறகு, ‘குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு’ என்று இரண்டு தொகைகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பல் பிடுங்க நேர்ந்தால் ஆகும் செலவும் அந்த அதிகபட்சத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 3: ஒவ்வொரு வரியையும் படியுங்கள்

முதலில் வருவது ரத்தப் பரிசோதனை. மயக்க மருந்தை உடலிலிருந்து வெளியேற்றுவதில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் தைராய்டு கோளாறும் சாதாரணமாக வருவதால், இந்த வரியை வெட்டச் சொல்லாதீர்கள். இதயத்துடிப்பில் மாறுபாடு கேட்டால் இதய ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம்.

அடுத்தது மயக்கம். செலவில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. நாம் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுவதுபோல் பூனை காட்டாது, அதனால் முழு மயக்கம் தேவை. மூச்சுக்குழாயில் ஒரு குழாய் வைப்பார்கள். தெறிக்கும் தண்ணீரும் காரைத் துணுக்குகளும் நுரையீரலுக்குப் போகாமல் அது தடுக்கும். கூடவே டிரிப்ஸ், உடல் குளிர்ந்துபோகாமல் வெதுவெதுப்பு. இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும்.

‘மயக்கமே இல்லாமல் சுத்தம் செய்கிறோம்’ என்று குறைந்த விலையில் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் சுரண்டுவார்கள். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். பல் வெள்ளையாகிவிட்டால் நாமும் நிம்மதியாகிவிடுவோம், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்கேலிங் என்பது காரையைச் சுரண்டி எடுப்பது. அந்த வரியில் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்வது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பாலிஷ் அழகுக்காக அல்ல. ஸ்கேலிங் செய்த பல்லில் நுண்ணிய கீறல்கள் இருக்கும். அதைத் தேய்த்து மழமழப்பாக்காவிட்டால் அழுக்கு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

எக்ஸ்ரே வரிதான் எனக்குத் தவறிப்போனது. வேரும் எலும்பும் ஈறுக்குள் மறைந்திருப்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாய் முழுவதற்குமா, சந்தேகப்படும் பல்லுக்கு மட்டுமா என்று கேளுங்கள். முழு வாய்க்கும் எடுப்பதே நல்லது.

பல் பிடுங்கும் செலவு பல்லுக்குப் பல் மாறும். வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். முன்பற்கள் சிறியவை, ஒற்றை வேர். கோரைப்பல்லுக்கும் ஒரு வேர்தான், ஆனால் அது நீளமாக ஆழத்தில் பதிந்திருக்கும், பெரும்பாலும் ஈறைக் கீறித்தான் எடுக்க வேண்டும். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். அதைத் துண்டாக்கி, ஒவ்வொரு வேரையும் தனித்தனியாக எடுத்துத் தையல் போடுவார்கள். வேர் முறிந்து உள்ளே தங்கவில்லை என்று உறுதிசெய்யப் பிறகும் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். நேரம் ஏற ஏற மயக்கச் செலவும் ஏறும்.

எஸ்டிமேட்டில் 307, 108 என்று மூன்று இலக்க எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்லும்: பூனைக்கு மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. மற்ற இரண்டும் பல்லின் எண். 04 என்று முடிந்தால் கோரைப்பல். மேலே சொன்ன மூன்று வேர்ப் பல் 108, 208. பூனைகளுக்குப் பல் கரையும் நோய் அடிக்கடி முதலில் பிடிப்பது 307, 407. மீனுவுக்கும் 307தான்.

கடைசியாக வலி நிவாரணம். பிடுங்குவதற்கு முன் அந்த இடத்தை மரக்கச் செய்யும் ஊசியும், வீட்டுக்குத் தரும் மருந்தும் கணக்கில் இருக்க வேண்டும். நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலைப் பூனைக்குத் துளிகூடக் கொடுக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

படி 4: இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேராகத் தொகையை எழுதுங்கள். இல்லாததற்கு நேரே கோடு போடுங்கள். இப்போது கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்தது பல நேரம் மலிவாக இருக்காது.

படி 5: போன் வரும், தயாராக இருங்கள்

எத்தனை பல் பிடுங்க வேண்டும் என்பது பூனை மயங்கிப் படுத்து, எக்ஸ்ரே பார்த்த பிறகே உறுதியாகும். அந்த நேரத்தில் மருத்துவர் உங்களை அழைத்து அனுமதி கேட்பார். பூனை மயக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். எந்தத் தொகை வரை கேட்காமலேயே செய்யலாம், அதற்கு மேல் போனால் என்ன செய்வது என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்று முழுக்க போனைக் கையிலேயே வைத்திருங்கள். நான் குளிக்கப் போகும்போதுகூட வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

படி 6: செலவைக் குறைக்க நேர்மையான வழிகள்

கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் சில நேரம் குறைவாக இருக்கும். தவணையில் கட்ட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காப்பீடு இருந்தால், பல காப்பீடுகள் வழக்கமான சுத்தத்துக்குத் தராமல், நோயால் பல் பிடுங்கினால் மட்டும் தரும். காப்பீடு எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பெரும்பாலும் தராது. எல்லாவற்றையும்விட, ஈறு சிவக்கத் தொடங்கும்போதே போவதுதான் பெரிய மிச்சம். அப்போது பல் பிடுங்கும் வரி இல்லாமலே பில் முடிய வாய்ப்பு அதிகம்.

படி 7: முந்தைய இரவும் பிறகும்

எத்தனை மணியோடு உணவை நிறுத்த வேண்டும், தண்ணீர் வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ள பூனைக்கும் குட்டிக்கும் இது வேறுபடும். வீட்டுக்கு வந்ததும் சில நாள் மென்மையான உணவு கொடுங்கள். சாப்பிட மறுத்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே அழையுங்கள்.

அப்புறம் பல் துலக்குவது. பல்லில் படியும் படலம் ஓரிரு நாளிலேயே கெட்டிப்படத் தொடங்கும். அதனால் முடிந்தால் தினமும் செய்யுங்கள். புண் ஆறியதும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். முதல் வாரம் பூனைக்கான பற்பசையை விரலில் நக்க விட்டால் போதும். மனிதர் பற்பசை கூடாது, பூனை துப்பாது, விழுங்கிவிடும். தீனியோ ஜெல்லோ வாங்கினால் ‘விஓஎச்சி’ (VOHC) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பல்லுக்கு உண்மையில் பயன்படுகிறது என்று சோதனையில் காட்டிய பொருட்களுக்கு, 1997 முதல் இயங்கும் ஒரு கால்நடைப் பல்நல அமைப்பு தருவது அது.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது பல் வரைபடத்தையும் எக்ஸ்ரே படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனாலும் எந்தப் பல் போனது, எது சந்தேகத்தில் இருக்கிறது என்று அவர் அங்கிருந்தே தொடங்கலாம்.