ஆய்வுக் கட்டுரையை எவரும் படிக்கும்படி வைப்பது எப்படி: நூலகத்தின் துணையோடு ஒரு வழிமுறை

ஓர் ஆய்விதழிலிருந்து ‘உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது’ என்று மின்னஞ்சல் வந்ததும், துறையில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுப்பதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து நீங்கள் கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பை, பெயரிலேயே தேதியைக் குறித்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பதிப்பகம் பக்கம் வடிவமைத்து, தன் முத்திரையோடு வெளியிடும் பிடிஎஃப் வேறு, இந்தக் கோப்பு வேறு. சந்தா இதழ்களில் அந்தப் பிடிஎஃப்பின் உரிமை பெரும்பாலும் பதிப்பகத்திடம் போய்விடுகிறது. ஆனால் உங்களிடம் உள்ள கோப்பை, சில நிபந்தனைகளோடு, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைத்துக்கொள்ளப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. நூலகத்தில் இதை ‘ஏற்கப்பட்ட வரைவு’ என்போம்.

சென்னையில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இந்தப் பணியைப் பார்த்துவரும் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் எங்களைத் தேடி வரும் நேரத்தில் பெரும்பாலும் அந்தக் கோப்பு அவர்களிடம் இருப்பதில்லை. மடிக்கணினி மாறியிருக்கும், அல்லது ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனபோது கோப்பும் அவரோடு போயிருக்கும். அப்படித் தொலைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். கட்டுரையை அனுப்பிய ஆய்விதழின் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். கடைசித் திருத்தப் பிரதி பல சமயம் அங்கே அப்படியே கிடக்கும்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்த பிறகும் இந்த உழைப்பு எதற்கு என்று கேட்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்த அத்திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. பெரிய உதவிதான். ஆனால் தாம்பரம் தாண்டியிருக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவரும், கூவம் நீரின் தரத்தைப் பற்றித் தேடும் தன்னார்வலரும், ஓய்வுபெற்ற பேராசிரியரும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். சந்தா நாம் படிப்பதற்கு வழி செய்கிறது. நாம் எழுதியது மற்றவர்களுக்கு எட்ட வேண்டுமானால் அதை நாமேதான் திறந்து வைக்க வேண்டும்.

இப்படி எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைப்பதைத் ‘திறந்த அணுகல்’ என்கிறோம். அப்படி என்றாலே எழுதியவர் பணம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வெளியீட்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டுரையைத் திறந்து வைப்பது ஒரு வழி. ஏற்கப்பட்ட வரைவைப் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில், அதாவது ஆய்வுகளை இணையத்தில் சேமித்து வைக்கும் தளத்தில், சேர்ப்பது இன்னொரு வழி, அதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. பணம் கேட்கும் இதழ் எதற்கும் கட்டுரையை அனுப்புவதற்கு முன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு தரமான ஆய்விதழ்களைக் குறித்துவந்த தன் ‘கேர்’ பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், இதழின் தரத்தை ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பு இப்போது நம்மிடமே வந்திருக்கிறது. ‘டோஆஜ்’ என்னும் திறந்த அணுகல் ஆய்விதழ் அடைவில் அந்த இதழ் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையிலேயே அங்கே பணி செய்கிறார்களா, கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்களா என்பதை நாங்கள் உங்களோடு உட்கார்ந்து பார்த்துச் சொல்வோம்.

கட்டுரை ஏற்கப்பட்டபின், வரைவோடு நீங்கள் கையெழுத்திட்ட உரிமை ஒப்பந்தத்தின் நகலையும் கொண்டு வாருங்கள். எந்தப் பிரதியை, எங்கே, எத்தனை மாதம் கழித்து வைக்கலாம் என்பதை ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் ஆய்விதழின் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். முன்பு ‘ஷெர்ப்பா ரோமியோ’ என்று அறியப்பட்டது இதுதான். எடுத்துக்காட்டாக, ஸ்பிரிங்கர் நேச்சரின் சந்தா இதழ்களில் பொதுவாக 12 மாதக் காத்திருப்பு உண்டு. காத்திருப்பு இருக்கிறதே என்று ஒப்படைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். இன்றே கோப்பைக் கொடுத்தால், உரிய நாளில் தானாகத் திறக்கும்படி நாங்கள் அமைத்துவிடுவோம். உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியிலோ அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியிலோ நடந்த ஆய்வாக இருந்தால், அவ்விரு துறைகளின் 2014ஆம் ஆண்டுக் கொள்கைப்படி இந்த ஒப்படைப்பைச் செய்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய களஞ்சியத்தை 2002இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முதலில் தொடங்கியது. 2004 மே மாதம் நம் தரமணியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், களஞ்சியங்களை நிறுவுவதற்கான பயிலரங்குகள் நடந்தன. இன்று பல நூலகங்கள் ‘டிஸ்பேஸ்’ என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டே களஞ்சியத்தை நடத்துகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் களஞ்சியம் இல்லையென்றால், பதிப்பகம் அனுமதிக்கும் பட்சத்தில் ‘ஜெனோடோ’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம். இயற்பியலுக்காக 1991இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ களஞ்சியம் கணிதத் துறையினருக்கும் இருக்கிறது.

படிவத்தை நிரப்பும்போது நம்மவர்கள் தடுமாறும் இடம் பெயர்தான். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும். ஆய்விதழின் படிவமோ குடும்பப் பெயருக்கான கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. விளைவாக, ஒரு கட்டுரையில் எஸ். கவிதா, அடுத்ததில் கவிதா சுந்தரம், திருமணத்துக்குப் பின் கவிதா முருகேசன் என்று ஒரே ஆய்வாளர் மூன்று பேராகச் சிதறிப்போகிறார், மேற்கோள் கணக்கும் சிதறுகிறது. இதற்கு மருந்து ‘ஆர்கிட்’ என்னும் 16 இலக்க அடையாள எண். கட்டணம் இல்லை, பத்து நிமிடத்தில் பெற்றுவிடலாம். எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் எல்லாவற்றையும் அந்த எண்ணின் கீழ் சேர்த்துவிடுவது எங்கள் பொறுப்பு.

தமிழில் எழுதுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை திரையில் தமிழாகத்தான் தெரியும். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகியிருக்கிறது. கூகுளில் ஒருவர் தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடும்போது அந்தக் கட்டுரை வெளியே வரவே வராது. ஐந்தாறு வருட உழைப்பு பூட்டே இல்லாமல் பூட்டிக் கிடக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இன்றுவரை பழைய எழுத்துருவில் ஆய்வேடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கோப்பைக் கொடுங்கள், யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம். மாற்றிய பிறகு ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். இடையிடையே ஆங்கிலத்தில் எழுதிய நூற்பெயர்களும் தாவரப் பெயர்களும் மாற்றத்தில் சிக்கிப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகியிருக்கும். அவற்றை எழுதியவரால்தான் சரியாகத் திருத்த முடியும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குத் தனி வழி இருக்கிறது. மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளைத் தொடர்ந்து அவை காந்திநகரிலுள்ள, அக்குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்துக்குச் செல்கின்றன. பல்கலைக்கழக நூலகம் பதிவேற்றும் முன் அத்தியாயக் கோப்புகள் வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள்.

உரிமத்தையும் அவசரத்தில் தேர்ந்தெடுக்க வேண்டாம். உரிமை உங்களிடமே இருந்தால், பெயரைச் சொல்லி எவரும் பயன்படுத்தலாம் என்னும் ‘சிசி பை’ உரிமத்தையே நான் பரிந்துரைப்பேன். பதிப்பகத்திடம் உரிமை போயிருந்தால் அது சொல்லும் உரிமத்தைத்தான் இட முடியும். எல்செவியர், ஏற்கப்பட்ட வரைவுகளுக்கு வணிகப் பயன்பாட்டையும் மாற்றங்களையும் அனுமதிக்காத உரிமத்தைக் கேட்கிறது.

பதிவேற்றம் முடிந்ததும் நிலையான இணைப்பு ஒன்றை அனுப்புவோம். அதை உங்கள் ஆர்கிட் பக்கத்திலும் துறையின் பக்கத்திலும் சேருங்கள். காத்திருப்புக் காலம் முடியாத கட்டுரைக்கு அருகே ‘பிரதி வேண்டும்’ என்றொரு பொத்தான் இருக்கும். யாராவது அதை அழுத்தினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். யார், எதற்குக் கேட்கிறார் என்று பார்த்து, அன்றைக்கே பதில் அனுப்பிவிடுங்கள்.