இரண்டாம் நிலைக் காவலர் ஆகணுமா? கயிறு ஏறுவது முதல் பட்டா புத்தகம் வரை

போலீஸ் வேலைக்குத் தயாராகிற பிள்ளைகள் நிறைய பேர் மனதில் ஒரே கணக்குதான் ஓடுகிறது: எக்ஸாம், டிரெயினிங், அப்புறம் நேராக ஸ்டேஷன், பைக்கில் ரோந்து. அப்படி நடக்காது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வானால் முதலில் உங்களை அனுப்புவது ஆயுதப்படைக்கு, அதாவது ஏ.ஆர்.; இல்லாவிட்டால் நாங்கள் பட்டாலியன் என்று சொல்லும் சிறப்புக் காவல்படைக்கு. லோக்கல் ஸ்டேஷன் எல்லாம் சில வருடம் கழித்து, சீனியாரிட்டி வரும்போதுதான். நான் பதினாறு வருட சர்வீஸ், இப்போது தலைமைக் காவலர். டீக்கடையில் என் சட்டையைப் பார்த்ததும் "அண்ணே, செலக்‌ஷனுக்கு என்ன பண்ணணும்?" என்று கேட்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நின்றுகொண்டே பாதி பாதியாகச் சொன்னதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு டேப் எடுத்து உயரத்தை அளந்துவிடுங்கள். ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. பெண்களுக்கு 159, அதே பிரிவினருக்கு 157. ஆண்களுக்கு மார்பு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். ஓட்டத்தைப் பழகிக்கொள்ளலாம், படிப்பைப் படித்துக்கொள்ளலாம், உயரத்தை யாரும் கற்றுத்தர முடியாது. ஒரு வருடம் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிவிட்டு, அளவெடுக்கிற கம்பத்தின் கீழே அரை சென்டிமீட்டரில் வெளியே வந்து அழுத பையனை நான் பந்தோபஸ்து நின்ற மைதானத்திலேயே பார்த்திருக்கிறேன். வெறுங்காலில், சுவரோடு குதிகால் ஒட்டி நின்று, வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் அளந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதை நம்பாமல் சாயந்திரமும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் தேர்வை நடத்துகிறது. காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், கட்டணம் 250 ரூபாய். பத்தாம் வகுப்பு பாஸ் போதும். வயது பொதுப்பிரிவுக்கு 18 முதல் 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28 வரை, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 31 வரை. இவையெல்லாம் சமீபத்திய அறிவிக்கைகளில் உள்ளவை. உங்கள் வருட அறிவிக்கை வந்ததும் அதைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய சுருக்கத்தை நம்பி உட்காராதீர்கள்.

எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி. தமிழ்த் தகுதித் தேர்வில் 80 கேள்வி, 32 மார்க் எடுத்தால் தப்பித்தீர்கள். அந்த மார்க் ரேங்கில் சேராது, ஆனால் அதில் விழுந்தால் மெயின் விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ்தானே" என்று இருந்து கவிழ்ந்தவர்கள் உண்டு, ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை இலக்கணப் பகுதியை ஒரு முறையாவது பாருங்கள். மெயினில் 70 கேள்வி: பொது அறிவு 45, உளவியலும் கணக்குமாக 25. குறைந்தபட்சம் 25 எடுத்தால் பாஸ் என்று போட்டிருப்பார்கள், அதை நம்பினால் வீட்டில்தான் இருக்க வேண்டும். போட்டி அதற்கு எவ்வளவோ மேலே. பள்ளிச் சமச்சீர்ப் புத்தகங்களைத் தாண்டி எதையும் கட்டுக்கட்டாக வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பழைய கேள்வித்தாளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நூற்றில் இந்த 70 போக, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. பள்ளியில் என்.சி.சி. வேண்டாம் என்று ஓடியவர்கள் இங்கேதான் வருத்தப்படுவார்கள்.

மைதானத்துக்கு வருவோம். ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி வந்தால் சரியாக முடியும். எல்லோரும் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் வாயைப் பிளப்பார்கள். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இதில் மார்க் கிடையாது, முடித்தால்தான் அடுத்த கட்டம், அவ்வளவே. மார்க் வருவது அடுத்து: ஆண்களுக்குக் கயிறு, நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர்.

கயிறுதான் கிராமத்துப் பையன்களையும் கவிழ்க்கிற இடம். ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், ஆறு மீட்டருக்கு இரண்டு ஸ்டார்; ஸ்டாரை வைத்துத்தான் மார்க். தென்னை ஏறத் தெரிந்தவனுக்கு இது சுலபம் என்று நினைக்காதீர்கள், மரம் ஆடாது, கயிறு ஆடும். கையால் மட்டும் இழுத்தால் மூன்றாவது மீட்டரில் முன்கை கல் மாதிரி ஆகிவிடும். கயிறு ஒரு பாதத்தின் மேல் படிந்து வர, மற்றப் பாதத்தால் அதை அழுத்திப் பூட்ட வேண்டும். பூட்டியதும் முழங்காலை நீட்டி எழுந்து நில்லுங்கள், கை எட்டிப் பிடிக்க மட்டும்தான். பிறகு முழங்காலை மார்பு வரை தூக்கி மறுபடி பூட்டுங்கள். எனக்கு இது பிடிபட நாற்பது நாள் ஆனது, ஊர்க் கோயில் வேப்பமரத்தில் தேர் இழுக்கிற வடக்கயிறு ஒன்றைக் கட்டித்தான் பழகினேன். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளங்கைத் தோல் உரியும், மறுநாள் சோற்றைப் பிசைய முடியாது.

இப்போது கேட்க விரும்பாத ஒரு விஷயம். எல்லாம் முடிந்து தேர்வுப் பட்டியலில் பெயர் வந்த பிறகு உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து நன்னடத்தை விசாரணை வரும். திருவிழா அடிதடி, ஜாதித் தகராறு, காலேஜ் வாசல் சண்டை, எதிலாவது உங்கள் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருந்தால் சிக்கல். கோர்ட்டில் விடுதலையாகிவிட்டேன் என்றாலும், அது சந்தேகத்தின் பலனிலோ சாட்சி பிறழ்ந்ததாலோ வந்த விடுதலை என்றால் விதிப்படி உங்களை வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அது தனிக் குற்றம். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதைவிட முக்கியம், வேலைக்குப் படிக்கிற காலத்தில் நண்பனுக்காகக் கம்பு தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

டிரெயினிங் சுமார் ஏழு மாதம். விடியற்காலை விசில், பரேடு, துப்பாக்கி, சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. குற்றவியல் சட்டங்களுக்குப் பதிலாக பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டதால் புதியவர்கள் புதிய பிரிவு எண்களைப் படிக்கிறார்கள், ஆனால் ஸ்டேஷனுக்குப் போனால் சந்தேக மரணத்தை நாங்கள் இன்னும் "ஒன் செவன்டி ஃபோர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் (புதிய எண் 194). இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரிடம் திட்டு வாங்காமல் இருக்கலாம்.

ஏ.ஆரில் கழிகிற வருடங்கள் கைதி எஸ்கார்ட், கருவூலக் காவல், பந்தோபஸ்து என்று போகும். இங்கேதான் ஒரு வேடிக்கை: ஓடுகிறவனைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிற்கிற வேலையைக் கொடுப்பார்கள். வி.ஐ.பி. போகிற சாலையில் காலை ஐந்து மணிக்கு இறக்கிவிட்டால், கார் மதியம் பன்னிரண்டுக்குத்தான் கடக்கும், அதுவும் நாற்பது விநாடியில். ஷூ அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள், சாயந்திரம் கால் வீங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், முழங்காலைப் பூட்டி விறைப்பாக நின்றுதான் வெயிலில் மயங்கி விழுகிறார்கள். பெண் காவலர்களுக்கு இதில் தனிக் கொடுமை, கழிப்பறை இல்லாத சாலையில் ஆறு மணி நேரம். 2021இல் முதல்வர் செல்லும் சாலைப் பாதுகாப்பில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது நல்ல விஷயம். மற்ற பந்தோபஸ்துகளில் நிலைமை இன்னும் அதுதான், அதனால் பாயின்ட்டுக்குப் போனதும் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்கலாம் என்று முதலில் பார்த்துவைத்துக்கொள்கிறார்கள்.

சரி, ஸ்டேஷனுக்கு வந்துவிட்டீர்கள், நைட் ரோந்து போட்டாயிற்று. இரண்டு பேர், ஒரு பைக், ஒரு பீட், அதாவது நீங்கள் சுற்ற வேண்டிய பகுதி. கையில் நல்ல டார்ச், தண்ணீர், மழைக்கோட்டு, பாக்கெட் நோட்டு, இரண்டு பேனா. செல்போன் லைட்டை டார்ச்சாக நம்பாதீர்கள், விடியற்காலை மூன்று மணிக்கு கன்ட்ரோல் ரூம் கூப்பிடும்போது சார்ஜ் இருக்காது.

பீட்டில் ஆங்காங்கே பட்டா புத்தகம் இருக்கும். ஏ.டி.எம்., நகைக்கடை, கோயில், பேருந்து நிலையம் மாதிரி இடங்களில் மாட்டிவைத்திருக்கும் நோட்டு, போய் மணி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பல இடங்களில் க்யூ.ஆர். கோடும் செயலியும் வந்துவிட்டன, நோக்கம் ஒன்றுதான்: நீங்கள் அங்கே போனீர்களா என்பது. எனக்கு ஸ்டேஷன் வந்து மூன்றாவது மாதம். மழை, கண்ணைத் திறக்க முடியவில்லை. மளிகைக்கடை ஷட்டர் பக்கத்தில் இருந்த நோட்டில் இரண்டரை மணிக்குப் போய் 2.30 என்று ஒரு கையெழுத்து, அதற்குக் கீழேயே 4.10 என்று இன்னொன்றும் போட்டுவிட்டு ஒரு திண்ணையில் சாய்ந்துவிட்டேன். நாலு மணிக்கு முன்னால் யாரோ அதே கடையின் பின்பக்க ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறான். காலையில் இன்ஸ்பெக்டர் அந்த நோட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, "4.10க்கு நீ இங்க நின்னப்ப கடைக்காரர் அழுதுட்டு நின்னாரே, பாக்கலையா?" என்று மட்டும்தான் கேட்டார். மெமோ, விளக்கம், ஒரு இன்கிரிமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. இரண்டு கையெழுத்தும் ஒரே மை, ஒரே சாய்வு, மழை ஈரத்தில் ஒரே மாதிரி கசிந்திருந்தது.

அதனால் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகாதீர்கள், உங்கள் நேரத்தை ஊரில் இருக்கிற திருடன் உங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பான். இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரைதான் கவனம், அப்போதுதான் உங்கள் தூக்கமும் உச்சத்தில் இருக்கும். தெரு முனையில் இன்ஜினை அணைத்துவிட்டு நடந்து போங்கள். நாய் எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கிறது என்று பாருங்கள். வீடு பூட்டி ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவைத்திருந்தால் அந்த வீட்டுப் பூட்டைக் கையால் தொட்டு இழுத்துப் பாருங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் அறுத்த பூட்டும் மாட்டிய பூட்டும் ஒன்றுதான்.

112க்கு வருகிற அழைப்பில் நாங்கள் அதிகம் போவது குடும்பச் சண்டைக்குத்தான். போனதும் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள், ஒருவர் திண்ணையில், ஒருவர் உள்ளே. சமையலறைப் பக்கம் யாரையும் போக விடாதீர்கள், அரிவாள்மனை அங்கேதான் இருக்கும். கத்துகிறவரிடம் நீங்களும் கத்தினால் தெருவே கூடும். "அண்ணே, மொதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை பெரும்பாலும் வேலை செய்யும். அடிபட்டிருந்தால் சமாதானம் பேசி அனுப்பிவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் புகார் வாங்குங்கள், மறுநாள் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆனால் பாக்கெட் நோட்டில் எழுதியதுதான் உங்களைக் காப்பாற்றும்.

விபத்து என்றால் முதலில் 108, அப்புறம் வருகிற வண்டிகளை நிறுத்துவது, இடத்தை அளப்பதெல்லாம் அதற்கடுத்து. "எங்க லிமிட் இல்லை" என்று இரண்டு ஸ்டேஷன்காரர்கள் மைல்கல்லைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதல் பிணத்துக்குக் காவல் நிற்கிற இரவு எல்லோருக்கும் வரும். எனக்கு அது தண்டவாளம் ஓரக் கிணறு. விசாரணை முடிந்து ஜி.எச். பிணவறைக்குக் கொண்டுபோகும்வரை எட்டு மணி நேரம், அந்த ஆள் கரையில் கழற்றிவைத்த சட்டையின் பையிலிருந்த போன் மட்டும் நனையாமல் அடித்துக்கொண்டே இருந்தது, "வீடு" என்று. எடுத்து என்ன சொல்வது என்று எனக்கு யாரும் டிரெயினிங்கில் சொல்லித்தரவில்லை. எடுத்தேன். "ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன், கூட ஒரு ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றேன். இன்றைக்கும் அதைவிட நல்ல வாக்கியம் தெரியாது.

காசு விஷயம்: அடிப்படை ஊதியம் 18,200இல் தொடங்குகிறது, அதற்கு மேல் படிகள். பத்து வருடம் முடித்தால் முதல்நிலைக் காவலர். சேர்ந்த முதல் வருடமே சம்பளச் சான்றிதழை நீட்டினால் எல்லாரும் கடன் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். ரோந்தில் முதல் டீக்கு நீங்களே காசு கொடுங்கள், கடைக்காரர் வேண்டாம் என்றாலும் கல்லாவில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் வாரம் ஓசியில் குடித்தால் இரண்டாவது மாதம் அவர் கடை முன்னால் நிற்கிற வண்டிக்கு நீங்கள் கேஸ் போட முடியாது.

வாராந்திர ஓய்வுக்கு 2021இல் அரசாணை வந்தது. கிடைக்கும், திருவிழாவும் தேர்தலும் வராத வாரங்களில். நைட் முடிந்து வந்தால் குளித்து, லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலில் கெட்டியாக ஒரு பழைய போர்வையைக் கட்டிவிட்டுப் படுங்கள். போனை மட்டும் சைலன்டில் போடாதீர்கள், பதினோரு மணிக்கு ரைட்டர் கூப்பிடுவார்.